டைம்லைனில் ஒரு இடத்தைத் தேடிப் போகவே பாதி நாள் போய்விடுகிறது

கேள்வி
3 ஆகஸ்ட் 2024, காலை 11.20

அண்ணா, கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். பிரிமியர் ப்ரோ மென்பொருள்தான். இரண்டு கேமரா, முகூர்த்தம் மட்டும் கேமராவுக்கு மூன்றரை மணி நேரம். கட் பண்ணுவதற்கு நேரம் ஆவதில்லை, கட் பண்ணவேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் போகிறது. டைம்லைனில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்டும் கோடான பிளேஹெட்டை மவுஸால் பிடித்து லேசாக இழுத்தாலே பத்து நிமிடம் தாண்டி நிற்கிறது. ஜூம் செய்தால் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. பின்னால் போனால் படம் திணறுகிறது. நண்பர்கள் கம்ப்யூட்டரை மாற்று என்கிறார்கள். ரேம் போட்டால் சரியாகுமா, இல்லை ரிசால்வ் மென்பொருளுக்கு மாறிவிடலாமா?

பதில்
3 ஆகஸ்ட் 2024, மதியம் 2.05

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம் தம்பி. மவுஸால் இழுப்பதை விட்டாலே பாதி சரியாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றரை மணி நேரம் என்பது 12,600 நொடி. மொத்த டைம்லைனும் தெரிகிற மாதிரி வைத்தால், 1,920 பிக்சல் அகலத் திரையில் ஒரு பிக்சலுக்கு ஆறரை நொடி வருகிறது. நம் ஊரில் நொடிக்கு 25 ஃபிரேம். மவுஸ் ஒரே ஒரு பிக்சல் நகர்ந்தால் 160 ஃபிரேமுக்கு மேல் தாண்டிவிடும். எத்தனை ரேம் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

டைம்லைனில் நகர்வது என்று பொதுவாகச் சொல்கிறோம், அதற்குள் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, தெரிந்த இடத்துக்குப் போவது: அடுத்த கட், அடையாளத்துக்குப் போட்டுவைத்த மார்க்கர், வாடிக்கையாளர் சொன்ன நிமிடம். இன்னொன்று, தெரியாத இடத்தைத் தேடுவது: மாப்பிள்ளையின் தாத்தா எங்கேயோ ஒரு இடத்தில் சிரித்தார், அது எங்கே? முதலாவதற்குத் தாவவேண்டும். இரண்டாவதற்கு ஓட்டிப் பார்க்கவேண்டும். மவுஸால் இழுப்பது இந்த இரண்டுக்குமே உதவாது. தாவுகிற அளவுக்குத் துல்லியமும் கிடையாது, ஓட்டிப் பார்க்கிற அளவுக்குக் காதில் எதுவும் விழாது.

ஓட்டிப் பார்க்க ஜே, கே, எல் மூன்று கீ போதும். எல் முன்னால் ஓடும், ஜே பின்னால் ஓடும், கே நிறுத்தும். எல் கீயை இன்னொரு முறை தட்டினால் வேகம் கூடும், மறுபடி தட்டினால் இன்னும் கூடும். கேயை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல் கீயையும் பிடித்தால் மெதுவாக நகரும். கேயைப் பிடித்தபடி எல் கீயை ஒரு தட்டு தட்டினால் ஒரு ஃபிரேம். ஆள்காட்டி விரல் ஜேயில், நடுவிரல் கேயில், மோதிர விரல் எல்லில். பிரிமியர், ரிசால்வ், ஃபைனல் கட், ஆவிட், இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ், ஷாட்கட் எல்லாவற்றிலும் இந்த மூன்றும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கொஞ்ச நாள் கை பழக வேண்டும், அவ்வளவுதான்.

வேகமாக ஓட்டும்போது பேச்சு கீச்சுக் குரலில் கேட்டால் பிரிமியரின் பிரிஃபரன்ஸஸில் ஆடியோ பகுதிக்குப் போய், ஷட்டில் செய்யும்போது பிட்ச் மாறாமல் வைக்கும் வசதியை டிக் செய்யுங்கள். இரட்டை வேகத்திலும் என்ன பேசுகிறார்கள் என்று புரியும்.

3 ஆகஸ்ட் 2024, இரவு 10.40

கடையை மூடிவிட்டு வந்து எழுதுகிறேன். ஆடி மாதம் என்பதால் புது வேலை இல்லை, ஆனியில் எடுத்ததன் பாக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

முகூர்த்த ஃபுட்டேஜ் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றியது. தாலி கட்டும் இடத்தைத் தேட வீடியோவைப் பார்க்கவே வேண்டாம், ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் வேவ்ஃபார்மைப் பாருங்கள். ஆடியோ டிராக்கை உயரமாக இழுத்துவிட்டு மொத்த டைம்லைனையும் திரைக்குள் கொண்டுவாருங்கள். மந்திரம் ஓடும் நேரம் முழுவதும் ஒல்லியாக, ஒரே தடிமனில் போகும். இடையில் நாதஸ்வரம் வரும் இடங்கள் கொஞ்சம் பருமனாக இருக்கும், தவில் அடி ஒவ்வொன்றும் தனித்தனி முள்ளாகத் தெரியும். கெட்டிமேளம் அப்படி இல்லை. ஐயர் விரலை ஆட்டிச் சொன்ன மறுகணம் டிராக்கின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். மூன்றரை மணி நேரத்தைத் திரையில் சுருக்கி வைத்தாலும் அந்தக் கட்டை தனியாகத் தெரியும்.

ஆனால் அங்கே போய் நின்றதும் கட் போட ஆரம்பிக்காதீர்கள். ஒரு மார்க்கர் வைத்துவிட்டுப் பின்னால் வாருங்கள். தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் ஆசி வாங்கிக்கொண்டு வருவார்களே, அது சில நிமிடங்களுக்கு முன்னால் நடந்திருக்கும். அந்தத் தட்டைத் தொடுகிற வயசான கைகளைத்தான் வீட்டார் பிறகு கேட்பார்கள். அதை வேவ்ஃபார்ம் காட்டாது, எல் கீயைத் தட்டி ஓட்டித்தான் பார்க்கவேண்டும்.

இரண்டு கேமராவையும் ஒத்துவைக்கக் கெட்டிமேளத்தை நம்பவேண்டாம். அடைத்துக்கொண்ட ஒலியில் ஆரம்ப விளிம்பு மழுங்கியிருக்கும். மேடை மைக்கை யாராவது தட்டிப் பார்த்த சத்தம் கிடைத்தால் அதுதான் நல்ல அடையாளம்.

4 ஆகஸ்ட் 2024, காலை 9.15

ரிசால்வ் வைத்திருப்பவர் ஒருவர் கீ வேறுபாடுகளைக் கேட்டிருந்தார். அன்றாடம் கை போகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

இடம், வலம் அம்புக்குறி எல்லாவற்றிலும் ஒரு ஃபிரேம். ஷிஃப்ட்டோடு சேர்த்தால்தான் ஆளுக்கு ஒரு மாதிரி. பிரிமியரில் 5 ஃபிரேம், அதை பிரிஃபரன்ஸஸில் மாற்றிக்கொள்ளலாம். ஃபைனல் கட்டில் 10 ஃபிரேம். ரிசால்வில் ஒரு முழு நொடி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

மேல், கீழ் அம்புக்குறி முந்தைய கட், அடுத்த கட். பிரிமியரில் இது டார்கெட் செய்த டிராக்கில் இருக்கும் கட்டுகளில் மட்டும்தான் நிற்கும். டிராக் பெயருக்குப் பக்கத்தில் வி1, ஏ1 என்று நீலமாக எரிகிறதே, அதுதான் டார்கெட். கட் கண்ணெதிரே இருக்கிறது, தாண்டிப் போகிறது என்று புலம்புகிறவர்கள் அதைப் பாருங்கள். எல்லா டிராக்கிலும் நிற்கவேண்டுமானால் ஷிஃப்ட்டோடு மேல், கீழ்.

ஜூம் செய்தால் தொலைந்துபோகிறேன் என்று தம்பி சொன்னதற்கு ஒரே ஒரு கீ. பிரிமியரில் பேக்ஸ்லாஷ், ரிசால்விலும் ஃபைனல் கட்டிலும் ஷிஃப்ட் இசட். மொத்தத்தையும் திரைக்குள் காட்டும். பிரிமியரிலும் ரிசால்விலும் மறுபடி அழுத்தினால் பழைய ஜூமுக்கே திரும்பிவிடும். நான் வேலை செய்யும்போது பார்த்தால் இடது கட்டைவிரல் ஸ்பேஸ் பாரில், வலது கை இந்தப் பக்கம்தான் இருக்கும். ஊரைப் பார், தெருவைப் பார், மறுபடி ஊரைப் பார் என்று போய்க்கொண்டே இருக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஜூமை நகர்த்திக்கொண்டே போகிறவர்கள்தான் வழி தவறுகிறார்கள்.

இழுக்கும்போது கட்டில் தானாக ஒட்டிக்கொள்ள வைக்கும் ஸ்நாப்பிங் பிரிமியரில் எஸ், மற்ற இரண்டிலும் என்.

5 ஆகஸ்ட் 2024, இரவு 9.50

பின்னால் போனால் திணறுகிறது என்பதை அன்று விட்டுவிட்டேன், அது தனியாகப் பேசவேண்டிய விஷயம்.

இப்போதைய கேமராக்களும் ஃபோன்களும் எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் எழுதுகின்றன. இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. பெரும்பாலும் அரை நொடிக்கோ ஒரு நொடிக்கோ ஒரு முழுப் படம் இருக்கும். நடுவில் இருப்பவை முன்னாலும் பின்னாலும் இருக்கும் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான். முன்னால் ஓடும்போது குறிப்புகளை வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போகலாம், சிக்கல் இல்லை. ஜே அழுத்தினால்? ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முந்தைய முழுப் படத்துக்குப் போய், அங்கிருந்து குறிப்புகளை முன்னோக்கிச் சேர்த்து வந்து, அப்புறம்தான் அந்த ஒரு ஃபிரேமைக் காட்ட முடியும். மவுஸால் அங்குமிங்கும் இழுத்தாலும் இதே பாடுதான்.

இதற்கு ரேம் தீர்வல்ல, ப்ராக்ஸிதான் தீர்வு. ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்கிற ப்ரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆரில் சின்னதாக ஒரு நகல் எடுத்துக்கொண்டு அதில் வேலை பார்ப்பது. கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் ஃபைல் தானாக வந்துவிடும். ப்ரோரெஸ் ப்ராக்ஸி, ஃபுல் எச்டி, 25 ஃபிரேம் என்றால் மணிக்கு 17 ஜிபி வாக்கில் ஆகும். தம்பியின் இரண்டு கேமராவுக்கும் சேர்த்து 120 ஜிபி. ஃபிரேமின் அளவைப் பாதியாக்கினால் இன்னும் குறையும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயார். ரிசால்விலும் கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் ப்ராக்ஸி உருவாக்கும் வசதி இருக்கிறது.

புது ரேமுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள். அதில் ப்ராக்ஸியைப் போடுங்கள். ஜே அழுத்திப் பாருங்கள், கம்ப்யூட்டர் மாற்றின மாதிரியே இருக்கும்.

6 ஆகஸ்ட் 2024, காலை 7.30

சின்ன விஷயம், ஆனால் நம் ஆட்கள் பலர் மாட்டிக்கொள்வது. டைட்டில் அடிக்கத் தமிழ்99 கீபோர்டுக்கு மாறியிருப்பீர்கள். முடித்துவிட்டு டைம்லைனுக்கு வந்தால் ஜே, கே, எல் எதுவும் வேலை செய்யாது. அந்தக் கீகளில் இப்போது ப, ம, த உட்கார்ந்திருக்கின்றன. மார்க்கருக்கு எம் அழுத்தினால் ர. மென்பொருள் கெட்டுவிட்டது என்று மூடித் திறக்கவேண்டாம். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் அழுத்தி ஆங்கிலத்துக்குத் திரும்பினால் போதும். நான் பெயர்கள், அழைப்பிதழ் வரிகள் எல்லாவற்றையும் முதலிலேயே நோட்பேடில் அடித்து வைத்துக்கொண்டு, எடிட்டின்போது ஒட்டுவதோடு சரி. கீபோர்டு மாறுவதே இல்லை.

அப்படியே இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிமியரில் கொம்பும் காலும் இடம் மாறி எழுத்து உடைந்து வந்தால் பிரிஃபரன்ஸஸில் கிராஃபிக்ஸ் பகுதியில் சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

8 ஆகஸ்ட் 2024, இரவு 11.10

மார்க்கர் வைத்துவிட்டு வாருங்கள் என்று 3-ஆம் தேதி போகிறபோக்கில் எழுதினேன். யோசித்தால் இந்த இழையிலேயே முக்கியமானது அதுதான் என்று தோன்றுகிறது. தெரியாத இடத்தைத் தெரிந்த இடமாக மாற்றுவது மார்க்கர் ஒன்றுதான். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு மார்க்கர் வைக்காமல் விட்டால், மறுநாள் அதே இடம் மறுபடி தெரியாத இடம். திரும்பவும் தேட வேண்டும்.

என் பழக்கம் இது. முதல் பார்வையில் கட் கிடையாது. இரட்டை வேகத்தில் ஓடவிட்டு எம் மட்டும் தட்டிக்கொண்டு போவேன். ஒரு தட்டு தட்டினால் மார்க்கர், உடனே இன்னொரு தட்டு தட்டினால் குறிப்பு எழுதும் பெட்டி திறக்கும். சடங்குக்கு ஒரு கலர், கட்டாயம் வரவேண்டிய முகங்களுக்கு ஒரு கலர், ஆடியோ கெட்ட இடத்துக்கு ஒரு கலர். முகங்களின் கலர்தான் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆல்பம் கொடுத்தபின் பெரியப்பா எங்கே என்று வீட்டார் கேட்கும்போது, அவர் பந்தியில் மட்டும்தான் ஃபிரேமுக்குள் வந்தார் என்பதைத் தேடாமலே காட்டமுடியும்.

அடுத்த மார்க்கருக்குத் தாவ பிரிமியரில் ஷிஃப்ட் எம். ரிசால்வில் ஷிஃப்ட்டோடு கீழ் அம்புக்குறி.

ஒரு எச்சரிக்கை. டைம்லைன் மேல் வைத்த மார்க்கரும் கிளிப் மேல் வைத்த மார்க்கரும் ஒன்றல்ல. முன்னால் ஒரு துண்டை வெட்டி இடைவெளியை மூடினால் கிளிப் இடப்பக்கம் நகரும். டைம்லைன் மார்க்கர் அதோடு சேர்ந்து நகரவேண்டுமானால் அதற்கான ரிப்பிள் அமைப்பை ஆன் செய்திருக்கவேண்டும், பிரிமியரிலும் ரிசால்விலும் மார்க்கர் மெனு அல்லது டைம்லைன் மெனு பக்கம் தேடினால் கிடைக்கும். இதைவிட, கிளிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எம் அழுத்தி கிளிப்பின் மேலேயே வைப்பது பாதுகாப்பு. எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் கூடவே வரும்.

10 ஆகஸ்ட் 2024, மாலை 6.25

பேட்டி வீடியோ எடிட் செய்யும் ஒரு தங்கை கேட்டது: இரண்டு வார்த்தைக்கு இடையில் வேவ்ஃபார்ம் பார்த்துத்தான் கட் செய்கிறேன், ஆனாலும் வார்த்தை பாதியில் அறுகிறது, ஏன்?

இது தமிழ்ப் பேச்சில் கட்டாயம் நடக்கும். "அப்பா" என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உதடு மூடியிருக்கும் அந்தக் கணத்தில் சத்தமே இல்லை. ப், ட், த், க் இரட்டித்து வரும் எல்லா இடத்திலும் இப்படித்தான்: பாட்டு, சொத்து, பக்கம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. இந்த அடைப்பு மூன்று நான்கு ஃபிரேம் வரை நீளும். வேவ்ஃபார்மில் அது பள்ளமாகத் தெரியும், இரண்டு வார்த்தைக்கு இடையில் இருக்கும் இடைவெளி மாதிரியே இருக்கும். வேகமாகப் பேசுகிறவர்களுக்கு வார்த்தைகளுக்கு நடுவில் உண்மையான இடைவெளியே இருக்காது, வார்த்தைக்கு உள்ளேதான் இருக்கும். அங்கே கட் விழுந்தால் "அப்" தனி, "பா" தனி.

அதனால் கிட்டத்தில் போகப் போகக் கண்ணை நம்பாமல் காதை நம்பவேண்டும். பள்ளம் தெரிகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னால் போய், கே, எல் இரண்டையும் பிடித்து மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். பள்ளத்துக்குப் பின்னால் வருவது அதே வார்த்தையின் வாலா, புது வார்த்தையின் தலையா என்று காதுக்கு உடனே தெரியும். புது வார்த்தை ப, த, க-வில் தொடங்கினால் யோகம்தான், அதற்கு முன்னால் இருக்கும் சின்ன அமைதியில் கட் போட்டால் ஒட்டே தெரியாது. உயிரெழுத்தில் தொடங்குகிற வார்த்தையில் அந்த வசதி இல்லை, அங்கே ஆடியோவுக்கு மட்டும் ஓரிரு ஃபிரேம் ஃபேடு கொடுக்கவேண்டியிருக்கும்.

பிளேஹெட்டை நகர்த்தும்போது சத்தம் கேட்கவில்லை என்றால் ரிசால்வில் ஷிஃப்ட் எஸ். பிரிமியரில் பிரிஃபரன்ஸஸ், ஆடியோவில் ஸ்க்ரப் செய்யும்போது ஆடியோ ஓடவேண்டும் என்பதை டிக் செய்யவேண்டும்.

11 ஆகஸ்ட் 2024, காலை 10.00

"வந்து", "அதாவது" எல்லாவற்றையும் தேடித் தேடி எடுக்கவேண்டுமா என்று அதே தங்கை. வேண்டாம் அம்மா. பேசுகிறவர் யோசிக்கிற இடத்தில் வரும் "வந்து" இருக்கட்டும். அதை எடுத்தால் மனிதர் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடுவார்.

13 ஆகஸ்ட் 2024, இரவு 10.15

இதெல்லாம் ஃபிலிம் காலத்தில் எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். பேசிக்கொண்டே போகலாம், கொஞ்சம் மட்டும் எழுதுகிறேன்.

ஃபிலிமை ஓட்டிப் பார்த்து வெட்டும் மூவியோலா இயந்திரம் 1924-இல் வந்தது. நின்றபடி காலால் பெடலை மிதித்து ஓட்டுவது, கோடம்பாக்கத்து எடிட்டிங் அறைகளில் ரொம்ப காலம் அதன் கடகட சத்தம்தான். ஸ்டீன்பெக் மேசை மாதிரி, படுக்கைவாட்டில் சுழலும் தட்டுகள். 35 எம்எம்மில் அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24 ஃபிரேம், அதனால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரோல் ஒன்று 11 நிமிடம்தான் ஓடும். ஒன்பதாவது நிமிடத்தில் இருக்கும் ஷாட் வேண்டுமென்றால் அதற்கு முன்னால் இருக்கும் எட்டு நிமிடத்தையும் உருட்டித்தான் போகவேண்டும். தாவல் என்ற பேச்சே கிடையாது.

அப்புறம் வீடியோ டேப். யூமாட்டிக், பீட்டாகேம் டெக்கில் ஒரு குமிழ் இருக்கும். லேசாகத் திருகினால் மெதுவாக, அதிகம் திருகினால் வேகமாக ஓடும். ஜே, கே, எல் செய்வது அந்தக் குமிழின் வேலையைத்தான். 1989-இல் ஆவிட் வந்தபின்தான் எந்த ஃபிரேமுக்கும் சட்டென்று தாவுவது சாதாரண விஷயமானது.

தாவ முடிவது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் பலகாலமாகச் சொல்லிவருவது ஒன்று உண்டு: ரோலை உருட்டிக்கொண்டு போகும்போது, தேடாத ஷாட்டுகள் வழியில் கண்ணில் படும், தேடிப்போனதைவிட நல்லது சில சமயம் அங்கே கிடைக்கும். கணினியில் கேட்டது மட்டும்தான் கிடைக்கும். கல்யாண எடிட்டில் இது எனக்குத் தினமும் நடக்கிறது. மணப்பெண் வரும் ஷாட்டுக்கு நேராகத் தாவியிருந்தால், அதற்கு முன்னால் கேமராமேன் ஃபோகஸ் சரிசெய்தபோது பதிவான அவளுடைய அம்மாவின் முகம் கிடைத்தே இருக்காது. அதனால்தான் முதல் பார்வையில் தாவாதீர்கள், ஓட்டுங்கள் என்கிறேன். வேகமாக ஓட்டுங்கள், பரவாயில்லை, ஆனால் முழுவதையும் ஓட்டுங்கள்.

14 ஆகஸ்ட் 2024, காலை 8.45

மேலே எழுதியதைப் படித்த ஒருவர், அப்படியானால் ஃபைனல் கட்டின் ஸ்கிம்மர் தப்பா என்று கேட்கிறார். 2011-இல் ஃபைனல் கட் எக்ஸ் வந்தபோது வந்த வசதி அது. கிளிக் செய்யாமல் மவுஸைக் கிளிப் மேல் தடவினாலே படம் ஓடும், பிளேஹெட் தன் இடத்திலேயே இருக்கும். தப்பு இல்லை. எடுத்த ஃபுட்டேஜில் எந்தக் கிளிப்பில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டம் விட அதைப்போல வேறொன்று இல்லை. ஆனால் சின்னச் சின்ன பாவனைகள் தடவலில் தப்பிவிடும். கண் சிமிட்டுவது, உதடு துடிப்பது எல்லாம் ஓட்டினால்தான் தெரியும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். வேண்டாதபோது ஃபைனல் கட்டில் எஸ் அழுத்தி நிறுத்திவிடுங்கள்.

17 ஆகஸ்ட் 2024, மதியம் 3.30

ஆவணி பிறந்துவிட்டது, ஃபோன் ஓய்வதில்லை. கேட்டிருந்த இரண்டுக்குச் சுருக்கமாக.

வாடிக்கையாளர் "12 நிமிடம் 40-வது நொடியில் மாமா கண் மூடியிருக்கிறார்" என்று வாட்ஸ்அப் செய்கிறார். டைம்லைனில் எதையும் செலக்ட் செய்யாமல் நேரத்தை எண்ணாக அடித்து என்டர் தட்டினால் போய்விடலாம், பிரிமியரில் டைம்கோடு எண்ணின் மேல் கிளிக் செய்துவிட்டு அடித்தாலும் சரி. ரிசால்வில் டைம்லைன் 01:00:00:00-இல்தான் தொடங்கும். டேப் காலத்தில் நிகழ்ச்சிக்கு முன்னால் கலர் பாரும் ஸ்லேட்டும் வைக்க இடம் விட்ட பழக்கம் அது. ஆக மாமா 01:12:40:00-இல் இருப்பார். கூட்டல் குறியோடு +500 அடித்தால் இருக்கும் இடத்திலிருந்து 5 நொடி முன்னால், −500 பின்னால். கிளிப் செலக்ட் ஆகியிருந்தால் பிளேஹெட் நகராமல் கிளிப் நகர்ந்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டொரொண்டோவில் இருப்பவருக்கு: உங்கள் பக்கம் 29.97 ஃபிரேம். ட்ராப் ஃபிரேம் இல்லாத டைம்கோடு வைத்திருந்தால் மணிக்கு 3.6 நொடி கடிகாரத்திலிருந்து விலகும். இரண்டு மணி நேரப் படத்தின் கடைசியில் வாடிக்கையாளர் சொன்ன இடத்துக்கும் நீங்கள் போன இடத்துக்கும் 7 நொடி வித்தியாசம் வருவது அதனால்தான். ட்ராப் ஃபிரேமுக்கு மாற்றுங்கள். படத்தில் எந்த ஃபிரேமும் விழாது, எண்களை மட்டும்தான் தாண்டுகிறது: ஒவ்வொரு நிமிடத்திலும் முதல் இரண்டு எண், பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டாது. நம் ஊர் 25-இல் இந்தத் தொல்லையே இல்லை.

22 ஆகஸ்ட் 2024, இரவு 11.50

ஸ்பீட் எடிட்டர் மாதிரி சக்கரம் வைத்த கீபோர்டு வாங்கலாமா என்று கேட்டவருக்கு. கைக்குச் சுகம், மறுக்கவில்லை. ஷட்டில், ஜாக், ஸ்க்ரோல் மூன்றும் ஒரே சக்கரத்தில். ஆனால் அது ரிசால்வுக்காகச் செய்தது. பிரிமியர் வைத்திருப்பவர்கள் அதை வாங்கிவிட்டு வருத்தப்படவேண்டாம். முதலில் ஜே, கே, எல்லில் கை ஊறட்டும். அதற்குப் பிறகும் சக்கரம் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.

கேட்டவர்
29 ஆகஸ்ட் 2024, இரவு 9.05

அண்ணா, ப்ராக்ஸி போட்டேன். ஜே இப்போது வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ரேம் வாங்கவில்லை. கெட்டிமேளம் நீங்கள் சொன்ன மாதிரியே கட்டையாகத் தெரிந்தது. ஒரே பிரச்சினை, பிளே ஆகும்போது பிளேஹெட் திரையின் ஓரத்துக்குப் போனதும் டைம்லைன் சட்டென்று பக்கம் மாறுகிறது, கண் தவறிவிடுகிறது. ரிசால்வுக்கு மாறுகிற யோசனை இன்னும் இருக்கிறது.

29 ஆகஸ்ட் 2024, இரவு 11.35

சந்தோஷம் தம்பி. பக்கம் மாறுவது பேஜ் ஸ்க்ரோல். பிரிஃபரன்ஸஸில் டைம்லைன் பகுதியில் ஸ்மூத் ஸ்க்ரோல் என்று மாற்றுங்கள், பிளேஹெட் நடுவில் நிற்கும், டைம்லைன் அடியில் ஓடும். நீளமான ஃபுட்டேஜை ஓட்டிப் பார்க்க அதுதான் நல்லது. நுணுக்கமாகக் கட் செய்யும்போது மட்டும் எனக்கு அது ஆகாது, கட் இருக்கும் இடம் கண்ணுக்கு முன்னால் நகராமல் இருக்கவேண்டும். அப்போது நோ ஸ்க்ரோல்.

ரிசால்வுக்கு மாறுவதானால் கையில் இருக்கும் கல்யாணங்களைப் பிரிமியரிலேயே முடித்துக் கொடுத்துவிட்டு மாறுங்கள். அதன் கட் பேஜில் மேலே ஒரு டைம்லைன் மொத்தப் படத்தையும் காட்டும், கீழே இன்னொன்று கிட்டத்தில் காட்டும். தொலைந்துபோகிறேன் என்று முதலில் சொன்னீர்களே, அதற்கு அது நல்ல ஏற்பாடு. மாறினதும் கீபோர்டு கஸ்டமைசேஷனில் அடோபி பிரிமியர் ப்ரோ என்ற பிரீசெட்டைத் தேர்ந்தெடுங்கள். பழகின கீ பெரும்பாலும் அப்படியே இருக்கும். நீங்களாக ஏதாவது கீ மாற்றினால் அந்த அமைப்பை எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேலை பார்க்கவேண்டி வந்தால் தேவைப்படும்.